குறுகிய குளிர்காலத்தில் புரோக்கோலிச் சாகுபடி
(திருவண்ணாமலை வட்டாரத்துப் பயிரிடுவோருக்கு உரிய குறிப்புகள்)

முட்டைக்கோசும் பூக்கோசும் நம் நாட்டுச் சந்தைகளுக்குப் பழகிப்போன காய்கறிகள். அவற்றின் இனத்தைச் சேர்ந்த புரோக்கோலி என்னும் பச்சைப் பூக்கோசு அண்மைக் காலத்திலேயே பரவலாக விலைபோகத் தொடங்கியது. பெரிய நகரங்களில் மட்டுமன்றித் திருவண்ணாமலை போன்ற க்ஷேத்திரங்களிலும் இப்பொழுது இதை வாங்குவோர் உளர். நீலகிரியிலிருந்து வரும் இக்காயை உள்ளூரிலேயே விளைவித்தால் என்ன என்ற எண்ணம் கிணற்றுப் பாசனமுள்ள குடியானவர் சிலருக்கு எழுவது இயல்பே.

இப்பயிர் திருவண்ணாமலையில் விளையுமா என்பதற்கு, விளையும் என்பதே விடை. ஆனால் அவ்விடை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இவ்வூரின் குளிர்காலம் மிகக் குறுகியது. அந்தச் சில வாரங்களுக்குள் செடி வளர்ந்து பூத்தலை திரண்டு அறுவடையும் முடிந்துவிட வேண்டும். விதைக்கும் நாளில் ஒரு பட்சம் பிசகினால், நிலம், எரு, தண்ணீர், உழைப்பு ஆகிய அனைத்தும் சரியாக இருந்தும் பலன் கைக்கு எட்டாது. வீரிய ஒட்டு விதையின் விலை அதிகமாகையால் நஷ்டமும் அதிகமாகவே இருக்கும். ஆகவே இச்சாகுபடியில் முதற்கண் கற்க வேண்டியது நாள் கணக்கு.

பயிரின் இயல்பு

புரோக்கோலியின் தாயகம் மத்தியதரைக் கடலை அடுத்த நாடுகள். இத்தாலியில் நெடுங்காலமாகப் பயிராகி வந்தது. அங்கிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதைப் பயிரிட்டு, 1920-ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பகுதி நகரங்களுக்கு அனுப்பத் தொடங்கிய பின்னரே இது பெரிய வியாபாரச் சரக்காயிற்று.

பூக்கோசில் நாம் உண்ணும் வெண்மையான பகுதியில் பூமொட்டுகள் இன்னும் உருப்பெற்றிரா. புரோக்கோலியின் பச்சைத் தலையோ முழுவதும் உருவாகிய, ஆனால் விரியாத சிறு மொட்டுகளின் கூட்டம். இவ்வேற்றுமையைப் பயிரிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டும். மொட்டுகள் உருவாகியே இருப்பதால், வெப்பம் சற்று மிகுந்தவுடன் அவை விரைவில் மஞ்சள் பூக்களாக விரிந்துவிடும். விரிந்த தலைக்குச் சந்தையில் விலையில்லை.

இச்செடி நன்கு தலை கட்டுவதற்கு 15 முதல் 20 டிகிரி வரையுள்ள குளிர்ந்த பருவம் சிறந்தது. 25 டிகிரிக்கு மேல் தலையின் இறுக்கம் குறையத் தொடங்கும். குருத்தினுள் மொட்டுகள் தோன்றும் சமயத்தில் பல நாட்கள் தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் வெயில் காய்ந்தால் மொட்டுகள் ஒரே அளவாக வளரா. சில பெருத்தும் சில சிறுத்தும் தலை மேடுபள்ளமாகிவிடும். இக்கேடு உண்டாகும்போது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தலை வெளியே வரும்போதுதான் தெரியும். அப்பொழுது அதற்குப் பரிகாரம் ஒன்றும் இல்லை.

குளிர் நாடுகளில் நாள் கணக்கு

பருவம் குறுகியது என்னும் தொல்லை திருவண்ணாமலைக்கு மட்டும் உரியதன்று. மிகுந்த குளிருள்ள இடங்களுக்கும் அதே தொல்லை உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகரைச் சுற்றி மே மாதம் முதல் செப்டம்பர் வரையிலேயே திறந்த வெளியில் காய்கறி பயிரிட இயலும். எஞ்சிய மாதங்களில் நிலம் உறைந்து கிடக்கும். இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கெல்லாம் உறைபனி விலகும் வரை காத்திருந்து விதைத்தால், தலை திரளும் முன்னே அடுத்த பனி வந்துவிடும். ஆகையால் வெளியே குளிர் இருக்கும்போதே மூடிய கூடாரங்களில் நாற்று விட்டு, பனி நீங்கியவுடன் வயலில் நடுகின்றனர். விரைவில் முதிரும் இரகங்களையே தேர்ந்தெடுக்கின்றனர். பருவம் முடியும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறிக்கின்றனர்.

லேயில் பருவத்தின் இரு எல்லைகளையும் உறைபனி வகுக்கிறது. திருவண்ணாமலையில் ஒரு பக்கம் ஐப்பசி மழையும், மறு பக்கம் மாசி வெயிலும் வகுக்கின்றன. எல்லை வகுப்பது எதுவாயினும் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றே. மூடிய இடத்தில் நாற்று, விரைவில் முதிரும் இரகம், பின்னோக்கி எண்ணுதல் ஆகிய மூன்றும் அக்குளிர் நாட்டாரிடமிருந்து நாம் பெறத்தக்க பாடங்கள்.

நீலகிரியின் நிலை வேறு. 1819-இல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் அம்மலைக்குச் சென்ற பின், ஐரோப்பியக் காய்கறிகள் அங்கே பரவலாயின. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்தாலும், ஆண்டின் பெரும் பகுதியில் கோசு வகைகளை விளைவிக்க முடியும். ஆதலால் அங்குள்ளவர்களுக்கு ஒரு போகம் தவறினால் மறு போகம் உண்டு. திருவண்ணாமலைக் குடியானவருக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு போகந்தான்.

திருவண்ணாமலையின் பருவம்

இவ்வூரில் தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் கிடைக்கின்றன. புரட்டாசி வரை வெயில் கடுமை குறைவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவ மழை பெய்யும். மழை ஓய்ந்தபின் மார்கழியிலும் தையிலும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். மாசி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கிவிடும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். இங்குள்ள குளிர், புரோக்கோலி விரும்பும் குளிரின் கடைசி விளிம்பைத் தொடுவதேயன்றி அதற்கு மேற்பட்டதன்று. மலைப் பிரதேசத்தில் கிடைக்கும் பெரிய, கெட்டியான தலைகளைச் சமவெளியில் எதிர்பார்த்தல் கூடாது. சற்றுச் சிறியதாயினும் பச்சை நிறம் மாறாத, இறுகிய தலையைப் பெறுவதே இங்கு இலக்கு.

ஜவ்வாது மலை மேலுள்ள கிராமங்களில் நிலைமை சற்று அனுகூலமானது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. சமவெளியைவிட ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரமான இடங்களில் மூன்று டிகிரிக்கு மேல் குறைவு இருக்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் மூன்று டிகிரி என்பது பருவத்தை முன்னும் பின்னும் சில வாரங்கள் நீட்டிக்கப் போதுமானது. சாமை முதலிய மானாவாரிப் பயிர் செய்யும் அம்மலைவாசிகளில் ஊற்று நீரோ கிணற்று நீரோ உடையவர்கள் இப்பயிரைச் சிறு அளவில் சோதித்துப் பார்க்கலாம்.

தீபமும் தேதியும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் பலர் கார்த்திகைத் தீபத்தை அளவாகக் கொண்டு வேளாண்மை வேலைகளை நினைவில் வைப்பது வழக்கம். தீபத்திற்கு முன், தீபத்திற்குப் பின் என்று பேசுவர். நீண்ட காலப் பயிர்களுக்கு இக்கணக்கு போதும். புரோக்கோலிக்கு இது போதாது. தீபத்திருநாள் நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் ஒட்டி வருவது. 2021-இல் நவம்பர் 19-ஆம் தேதியும் 2024-இல் டிசம்பர் 13-ஆம் தேதியும் மலைமேல் மகாதீபம் ஏற்றப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே 24 நாள் வித்தியாசம். நட்ட 60 நாளில் அறுக்கும் பயிருக்கு 24 நாள் என்பது ஆயுளில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகையால் தமிழ் மாதத் தேதியையே பற்றி நடத்தல் வேண்டும். சூரியனைப் பின்பற்றும் மாதக் கணக்கே வெயிலையும் குளிரையும் பின்பற்றும் கணக்காகும்.

இனி அக்கணக்கைக் காண்போம். விரைவில் முதிரும் இரகங்கள் நட்ட 60 முதல் 65 நாட்களில் அறுவடைக்கு வரும். தை மாதக் கடைசிக்குள் தலை அறுவடை முடிய வேண்டும். தைக் கடைசியிலிருந்து 65 நாட்கள் பின்னோக்கி எண்ணினால் கார்த்திகை நான்காம் வாரத் தொடக்கம் வரும். ஆகவே கார்த்திகை 20-ஆம் தேதிக்குப் பின் நடவு செய்யலாகாது. நாற்றுக்கு 27 நாட்கள் வேண்டும். கார்த்திகை முதல் தேதி நடுவதற்கு ஐப்பசி 4-ஆம் தேதி விதைக்க வேண்டும். அவ்வாறு நட்ட செடியில் மார்கழியின் குளிர்ந்த நாட்களில் மொட்டு உருவாகும். பொங்கலை அடுத்துத் தலை அறுக்கலாம்.

புரட்டாசியிலேயே விதைத்தால் இன்னும் முந்திப் பலன் பெறலாமே என்று தோன்றலாம். அவ்விதம் செய்தால் செடி வெயிலில் வளர்ந்து, கொட்டும் மழையில் நடப்பட்டு, குளிர் நிலைக்குமுன் தலை கட்ட முற்படும். முந்துவதும் பிந்துவதும் ஒன்றுபோலக் கெடுதலே.

இரகம்

குலு பள்ளத்தாக்கிலுள்ள கட்ராயின் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான பூசா கே.டி.எஸ்.-1, பாலம்பூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் உருவான பாலம் சம்ருத்தி ஆகியவை இந்தியாவில் பெயர் பெற்ற இரகங்கள். இவை நல்ல இரகங்களே. ஆயினும் நட்டபின் ஏறக்குறைய 85 முதல் 95 நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும். வட நாட்டின் நீண்ட குளிர்காலத்திற்கு அவை பொருந்தும். கார்த்திகையில் நட்டால் திருவண்ணாமலையில் அவை மாசியில்தான் முதிரும். அதற்குள் வெயில் வந்துவிடும்.

ஆகவே 60 முதல் 65 நாட்களில் முதிர்வதும், வெப்பத்தைத் தாங்குவதுமான வீரிய ஒட்டு இரகத்தையே வாங்க வேண்டும். விதைப் பொட்டலத்தின் மேல் குறித்துள்ள நாட்கள் விதைத்த நாளிலிருந்தா, நட்ட நாளிலிருந்தா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். இவ்விரண்டிற்கும் ஏறக்குறைய ஒரு மாத வேற்றுமை உண்டு. ஒட்டு விதையிலிருந்து பெற்ற செடிகளில் விதை எடுத்து மறு ஆண்டு விதைத்தால் அதே குணங்கள் வாரா என்பதையும் மறத்தல் கூடாது.

நாற்றங்கால்

நாற்று வளரும் ஐப்பசி மாதம் மழைக்காலம். திறந்த பாத்தியில் விதைத்தால் நீர் தேங்கி, தண்டு மண்ணோடு சேருமிடத்தில் அழுகி நாற்றுகள் சாயும். ஆதலால் மேலே பிளாஸ்டிக் தாளால் கூரையிட்டு, பக்கங்களில் பூச்சி புகாத வலை கட்டிய சிறு பந்தலில் குழித்தட்டுகளில் நாற்று விடுதலே உத்தமம். மக்கிய தென்னை நார்க் கழிவில் சிறிது மண்புழு உரமும் டிரைக்கோடெர்மாப் பொடியும் கலந்து குழிகளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வீதம் அரை அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும்.

பத்து சென்ட் நிலத்துக்குரிய அளவு வருமாறு: வரிசைக்கு வரிசை 2 அடியும், செடிக்குச் செடி ஒன்றரை அடியும் விட்டால் சுமார் 1,450 செடிகள் பிடிக்கும். பழுதுக்கும் இடம் விட்டு 1,650 விதைகள் ஊன்றலாம். 98 குழியுள்ள தட்டுகள் 17 இதற்குப் போதும். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்குமாதலால் 6 கிராம் விதை வாங்கினால் போதுமானது.

ஐந்து முதல் ஏழு நாட்களில் விதை முளைக்கும். முளை தெரிந்தவுடன் தட்டுகளை வெளிச்சத்தில் பரப்பிவிட வேண்டும். தாமதித்தால் நாற்று வெளிறி நீண்டுவிடும். பூவாளியால் காலையில் மட்டும் தண்ணீர் தெளிக்கலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைச் சிறிது குறைத்து, மழையில்லாத நேரங்களில் கூரையை விலக்கி நாற்றுக்கு வெளிக்காற்றும் வெயிலும் பழக்க வேண்டும். நான்கு அல்லது ஐந்து இலைகள் விட்ட நாற்றே நடத்தக்கது.

நாற்று முற்றிவிடாமல் காப்பது மிக முக்கியம். வயல் காயவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று ஐந்து, ஆறு வாரங்கள் தட்டிலேயே வைத்திருந்த நாற்று, நட்டபின் வளராமல் பொத்தான் அளவில் தலை கட்டி நின்றுவிடும். அத்தகைய நாற்றை நடுவதைவிட எறிந்துவிட்டு அவ்விடத்தில் கீரையோ முள்ளங்கியோ போடுவது இலாபகரமானது.

நிலமும் எருவும்

வடிகால் உள்ள செம்மண் கலந்த நிலம் இப்பயிருக்கு ஏற்றது. ஏரிக்குக் கீழேயுள்ள நஞ்சையில் கார்த்திகையில் நீர் தேங்கும். அங்கே இதைப் பயிரிடலாகாது. மேட்டுப் பாங்கான கிணற்றுத் தோட்டமே உகந்தது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெங்கல் புயலால் மறுநாள் திருவண்ணாமலையில் கன மழை பெய்து, அண்ணாமலையின் சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் உயிரிழந்தனர். கார்த்திகை நடுவில் இத்தகைய மழையும் வரக்கூடும் என்பதை எண்ணியே வயலை அமைக்க வேண்டும். ஆகையால் சமபாத்தி கட்டாமல், அரை அடி உயரமுள்ள மேட்டுப் பாத்திகள் அமைத்து, அவற்றினிடையே நீர் வடியும் வாய்க்கால்களை வயலின் தாழ்ந்த ஓரம் வரை வெட்டிவிடுதல் வேண்டும்.

புரட்டாசியிலேயே நிலத்தை மூன்று நான்கு முறை உழுது, பத்து சென்டுக்கு ஒரு டன் வீதம் நன்கு மக்கிய தொழு எருவைக் கலந்துவிட வேண்டும். கோசு வகை அல்லது முள்ளங்கி பயிரிட்ட நிலத்தில் உடனே இதைப் போடாமல், நிலக்கடலை அல்லது வேறு பயறு வகை எடுத்த நிலத்தில் போடுதல் நலம். மண் பரிசோதனை செய்து அதன்படி உரமிடுதலே முறை. பரிசோதனை செய்யாதவர்கள் ஏக்கருக்குத் தழைச்சத்து 50 கிலோ, மணிச்சத்து 30 கிலோ, சாம்பல் சத்து 25 கிலோ என்ற அளவைப் பொதுவாகக் கொள்ளலாம். தழைச்சத்தில் பாதியையும் மற்ற இரண்டை முழுவதையும் அடியுரமாக இட்டு, எஞ்சிய தழைச்சத்தை நட்ட 15-ஆம் நாளும் 28-ஆம் நாளும் பிரித்து இட வேண்டும். அதற்குப் பின் தழைச்சத்து இடுதல் வீண். தலை கட்டிய பின் மிகுதியாக இட்டால் தண்டு உட்புறம் குழிந்து தலையும் தளரும்.

தண்டு குழிவதற்குப் போரான் குறைவும் ஒரு காரணம். பத்து சென்டுக்குச் சுமார் 400 கிராம் வெண்காரத்தை மணலுடன் கலந்து அடியுரத்தோடு ஒரே ஒரு முறை தூவினால் போதும். அளவுக்கு மேல் இட்டால் செடிக்கு நஞ்சாகும்.

நடவும் பின் நேர்த்தியும்

மாலை நேரத்தில், முதல் இரண்டு இலைக் காம்புகள் வரை மண்ணில் இறங்கும்படி நாற்றை நட்டு உடனே தண்ணீர் விட வேண்டும். மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் பாய்ச்சி, வாடிய இடங்களில் ஒரு வாரத்திற்குள் மறு நாற்று நட வேண்டும். மழையைப் பார்த்து நீர் பாய்ச்சலாம். மார்கழியில் மழை நின்றபின் வாரம் ஒருமுறை பாய்ச்சுதல் அவசியம். சொட்டு நீர் அமைப்பு உள்ளவர்கள் அன்றாடம் சிறிது சிறிதாக விடலாம்.

குறுகிய பருவத்தில் பயிரிடுவோர் ஒரு விதியைக் கைவிடலாகாது: நட்ட முதல் 30 நாட்களில் செடியின் வளர்ச்சி ஒரு நாளும் தடைப்படலாகாது. தலையின் பருமன் அது கட்டும்போதுள்ள இலைகளின் பரப்பைப் பொறுத்தது. தண்ணீர்த் தட்டு, களை, நீர்த் தேக்கம், புழுத் தின்ற இலை ஆகிய எதுவும் வளர்ச்சியை ஒரு வாரம் நிறுத்திவிட்டால், நீண்ட பருவமுள்ள ஊரில் அந்த வாரத்தைப் பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம், இங்கு இயலாது. ஆகவே இருமுறை களை கொத்தி, 28-ஆம் நாள் உரமிட்டவுடன் மண் அணைக்க வேண்டும். வைக்கோல் அல்லது கரும்புத் தோகையைச் செடிகளின் அடியில் பரப்பினால் ஈரம் நிற்பதோடு பகல் வெப்பத்தில் வேரும் குளிர்ந்திருக்கும்.

பூச்சிகள்

கோசு வகைகளுக்குப் பெரும் பகை வைரமுதுகு அந்துப்பூச்சி. இதன் பச்சைப் புழுக்கள் இலையின் அடிப்புறத்தைச் சுரண்டிச் சல்லடையாக்கும். கடுகைப் பொறிப் பயிராக இடுதல் இதற்கு எளிய உபாயம். இருபது முதல் இருபத்தைந்து வரிசைக்கு ஒரு வரிசை கடுகை நடவுக்கு 15 நாள் முன்னும், பக்கத்து வரிசையை நட்ட 25 நாள் பின்னும் விதைத்தால் அந்துப்பூச்சிகள் பெரும்பாலும் கடுகிலேயே முட்டையிடும். புழு மிகுந்த கடுகுச் செடிகளைப் பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

அதன்பின்னும் புழு காணப்பட்டால் நூற்றுக்கு ஐந்து வீதமுள்ள வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளிக்கலாம். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். அசுவினிக்கும் இது பயன்படும். தலை வெளிவந்த பின் அசுவினி மொட்டுகளினிடையே புகுந்துவிட்டால் கழுவினாலும் போகாது. வாங்குவோர் அதைத் தள்ளிவிடுவர். ஆகையால் தலை தோன்றும் முன்னரே வாரம் இருமுறை இலைகளைத் திருப்பிப் பார்த்து வருதல் வேண்டும். தலை கட்டிய பின் இரசாயன மருந்துகளைத் தெளிப்பது உண்போருக்குத் தீங்கு.

இலையின் ஓரத்தில் ஆங்கில எழுத்து ‘வி’ போல மஞ்சள் புள்ளி தோன்றி நரம்பு கறுத்தால் அது கருப்பு அழுகல் நோய். அச்செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்நிலத்தில் மூன்று ஆண்டுகள் கோசு வகைகள் பயிரிடாமல் இருத்தல் நலம்.

அறுவடை

மொட்டுகள் இறுகி, தனித்தனியே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் முன் தலையை அறுத்துவிட வேண்டும். தலை இன்னும் பெருக்கும் என்று காத்திருப்பதே இப்பயிரில் பலரும் அடையக்கூடிய நஷ்டத்திற்குக் காரணம். குளிர் நாட்டில் முதிர்ந்த தலை ஒரு வாரம் வயலில் நிற்கும். தை மாதத்துத் திருவண்ணாமலை வெயிலில் மூன்று நாளில் மஞ்சள் தெரியும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வயலைச் சுற்றிப் பார்த்தல் அவசியம்.

விடியற்காலையில், வெயில் ஏறுமுன், நான்கைந்து அங்குலத் தண்டோடு கூர்மையான கத்தியால் சாய்வாக அறுக்க வேண்டும். சாய்வாக அறுத்தால் வெட்டு வாயில் நீர் தங்கி அழுகாது. நடுத்தலை அறுத்தபின் இலைக் கணுக்களிலிருந்து பக்கத் தலைகள் கிளம்பும். இவை சிறியவை, ஆயினும் தைக் கடைசி வரை வீட்டுச் செலவுக்கும் சில்லறை விற்பனைக்கும் உதவும்.

அறுத்த தலையை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குளிர்ந்த நீர் தெளித்து, ஈரத் துணி மூடிய கூடைகளில் வைக்க வேண்டும். உறைநிலையை ஒட்டிய குளிர்ப்பெட்டியில் இரண்டு வாரங்களுக்கு மேல் கெடாமலிருக்கும் இக்காய், சாதாரண அறையில் இரண்டு மூன்று நாட்களிலேயே மஞ்சளாகிவிடும்.

விற்பனை

நீலகிரிக் காயோடு விலையில் போட்டியிட உள்ளூர்க் குடியானவரால் முடியாது. அங்கு மகசூல் அதிகம், தலையும் பெரிது. ஆனால் அக்காய் மலையிறங்கி, மேட்டுப்பாளையம் போன்ற மண்டிகளைக் கடந்து வந்து சேரும்போது அதன் ஆயுளில் ஒரு பகுதி கழிந்திருக்கும். அதிகாலையில் அறுத்து அன்று காலையே விற்கும் புதுமைதான் உள்ளூர்ச் சரக்கின் பலம். ஆகையால் மண்டிக்கு அனுப்புவதை விட்டு, உழவர் சந்தை, உணவு விடுதிகள், ஆசிரமங்களை அடுத்த பகுதிகளில் தங்குவோர் ஆகியோருக்கு நேரே விற்பதே தக்க வழி. குளிர்காலத்தில் இவ்வூருக்கு வெளிநாட்டாரும் பிற மாநிலத்தாரும் பெருவாரியாக வந்து தங்குகின்றனர். அவர்கள் வரும் காலமும் தை மாத அறுவடையும் ஒத்து வருவது அனுகூலமே. தீபத்தன்றும் பௌர்ணமிகளிலும் கிரிவலத்திற்கு வரும் பெருங்கூட்டத்தை நம்பி இதைப் பயிரிடலாகாது. அவர்கள் ஓரிரவு தங்கித் திரும்புவோர்.

விற்பனையில் மற்றோர் இடர் உண்டு. பத்து சென்டில் 1,450 செடிகளில் ஆயிரம் மட்டும் கால் கிலோத் தலை தந்தாலும் 250 கிலோக் காய் ஒரு வாரத்தில் குவிந்துவிடும். குளிர்ப்பெட்டி இல்லாதவர் அவ்வளவையும் நேரே விற்றுத் தீர்த்தல் கடினம். ஆகையால் மூன்று தவணையாக நடுதல் வேண்டும். ஐப்பசி 4, 11, 18-ஆம் தேதிகளில் விதைத்துக் கார்த்திகை 1, 8, 15-ஆம் தேதிகளில் நட்டால், தைப் பொங்கலை அடுத்துத் தொடங்கும் அறுவடை தை மூன்றாம் வாரம் வரை நீடிக்கும். ஒரு தவணை பெருமழையில் சேதமானாலும் மற்றவை நிற்கும்.

முதல் ஆண்டில் கவனிக்க வேண்டியவை

இதுவரை இப்பயிரைச் செய்யாதவர்கள் முதல் ஆண்டில் பத்து சென்டுக்கு மேல் இறங்கலாகாது. கடன் வாங்கியோ, நிலக்கடலை முதலிய வழக்கமான பயிரைக் கைவிட்டோ இதைச் செய்வது விவேகமன்று. முன்பே வாங்குவோரைக் கண்டு பேசிக்கொண்ட பின் விதை வாங்குதல் நலம். தோட்டக்கலைத் துறையின் வட்டார அலுவலரிடமும், இம்மாவட்டத்தின் வாழவச்சனூரிலுள்ள வேளாண்மைக் கல்லூரியிலும் மண்ணுக்கும் இரகத்திற்கும் உரிய யோசனையைக் கேட்டறியலாம்.

ஒவ்வொரு தவணையிலும் விதைத்த நாள், நட்ட நாள், முதல் தலை தெரிந்த நாள், அறுத்த நாள், தலையின் எடை ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். ஓர் அதிகபட்சக் குறைந்தபட்ச உஷ்ணமானியை நிழலில் தொங்கவிட்டு அன்றாட அளவையும் எழுதினால் மிக நன்று. மூன்று தவணைகளில் எது நன்றாகத் தலை கட்டியது என்பதை அக்குறிப்பு காட்டும். மறு ஆண்டு அத்தவணையை ஒட்டியே பெரும் பகுதியை நடலாம். ஒரே ஊரிலும் மலையடிவாரத் தோட்டத்திற்கும் திறந்த வெளித் தோட்டத்திற்கும் சில நாட்கள் வேற்றுமை இருக்கும். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது. அவரவர் நிலத்தில் எழுதிவைத்த தேதிகளே சொல்லும்.